செவி என்னும் அமானிதம்



பாட்டின் மீது பித்துக் கொண்டவர் ஒருவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான்தான். எங்கள் வீட்டு அலமாரியின் இரண்டு தட்டுகளை இன்றளவும் என் கேசட்டுகளே பிடித்துக்கொண்டிருக்கின்றன. "அந்த இடத்தில் நாலு பாத்திரமாவது வைக்கலாமே" என்று என் துணைவியார் சொல்லாமல் ஒரு பெருநாளும் கழிந்ததில்லை. நானும் ஒரு கேசட்டையேனும் அப்புறப்படுத்தியதில்லை.

ஜமாதுல் ஆகிர் மாதம் வந்தால் நாகூர்க் கந்தூரி. மற்றவர்கள் ஊருக்குப் புறப்படப் பெட்டி கட்டும் முன்பே, எந்த இரவில் எவருடைய கச்சேரி, எந்த ஜமாஅத் பக்கீர்கள் வருகிறார்கள் என்று நாகூரில் உள்ள உறவினர்களுக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுக்கத் தொடங்கிவிடுவேன். இவ்வாண்டும் தொடங்கிவிட்டேன். ஆனால், இம்முறை நான் போகும் பயணத்திற்கும் முன்பு போன பயணங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க இயலவில்லை. என் இழப்பைக் கேட்டு ஒரு குடும்பமாவது விழித்துக்கொண்டால், இதை எழுதிய பயனை நான் அடைந்தவனாவேன்.

முதல் சம்பளமும் முதல் கேசட்டும்

நான் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பிறந்தவன். 1988ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில், பிழைப்பைத் தேடிக் கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தேன். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய அந்த ஊரின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஓர் அறையில் நாங்கள் ஐவர் தங்கினோம். மூன்று ஷிப்டுகள் என்பதால் அந்த அறையில் எப்பொழுதும் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் சமைத்துக்கொண்டிருப்பார்.

முதல் மாதச் சம்பளத்தில் அத்தாவுக்குப் பணம் அனுப்பியது போக, மிச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். கேசட் வாங்க மண்ணடிக்குப் போவேன். அங்கே இஸ்லாமியப் பாடல் கேசட்டுகள் விற்கும் கடைகளில், வாங்காமல் நின்று கேட்பவர்களையும் விரட்டமாட்டார்கள். வாங்கிய கேசட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்புவேன். வண்டி தண்டையார்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் நினைவு வரும். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து அப்பகுதியில் வாழ்ந்து 1838இல் மறைந்த அந்த மெய்ஞ்ஞானியை மக்கள் 'தொண்டியார்' என்றழைத்ததால்தான் அந்த ஊர்ப்பெயரே உண்டாயிற்று என்பர். ஊரைவிட்டு வந்த ஒரு பாட்டுக்காரரின் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது என்பது, ஊரைவிட்டு வந்திருந்த எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

என் சேகரிப்பில் முதலிடம் யாருக்கு என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களுக்குத்தான். 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த அப்பெருமகனாரின் குரல் எட்டாத தமிழ் முஸ்லிம் இல்லம் ஒன்று உண்டா? எவ்வளவு உயரத்தில் பாடினாலும் ஒரு சொல்லும் சிதையாது. ஓர் எழுத்தும் மழுங்காது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாடலை எங்கள் ஆலை வாயிலில் தேநீர்க்கடை வைத்திருந்த இந்துப் பெரியவர் நாள்தோறும் அதிகாலையில் ஒலிக்க விடுவார். இரவு ஷிப்ட் முடிந்து வரும் எங்களுக்கு அதுவே விடியலின் அடையாளம். 1992இல் வெளிவந்த 'செம்பருத்தி' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் ஹனிபா அவர்களும் பாடகர் மனோவும் இணைந்து பாடிய பாடலுக்காக, அந்தப் படத்தின் கேசட்டை இரண்டு முறை வாங்கினேன். முதல் கேசட் தேய்ந்துபோனது. மனோ அவர்களின் இயற்பெயர் நாகூர் பாபு என்று பின்னர் அறிந்தபோது, இரு நாகூர்களும் ஒரே பாட்டில் சேர்ந்ததாக எண்ணி மகிழ்ந்தேன்.

ஹனிபாவுக்கு அடுத்து, காயல் ஷேக் முஹம்மது அவர்களின் குழைவான குரல். அதற்கடுத்து, கர்நாடக இசையில் தேர்ந்து நாகூர் தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் அவர்களின் பாட்டு.

இன்னொரு கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைத்தோழர் ஒருவர் 1989 வாக்கில் 'தீன் இசை மாலை' என்றொரு கேசட்டைக் கொண்டுவந்தார். திலீப் என்னும் இளைஞர் இசையமைத்தது. பழைய மெட்டுகளின் சாயல் இல்லாமல் அது புதிதாக இருந்ததால், நாங்கள் ஐவரும் மாற்றி மாற்றிக் கேட்டோம். 1992இல் 'ரோஜா' வந்து நாடெங்கும் ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயர் ஒலித்த பிறகுதான், அந்தத் திலீப்பே இந்த ரஹ்மான் என்பது எங்களுக்குத் தெரிந்தது. உலகுக்கு முன்பே நாங்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பல நாள் பெருமையடித்துக்கொண்டோம். பிற்காலத்தில் அவர் தம் படப்பிடிப்புத் தளத்தையும் எங்கள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், அய்யர்கண்டிகையில் அமைத்தார். அவ்வழியே போகும்போதெல்லாம் அந்தச் சிறிய அறையையும் அந்தக் கேசட்டையும் நினைத்துக்கொள்வேன்.

இசை கூடுமா, எந்த அளவுக்குக் கூடும் என்னும் விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. அதை மார்க்க அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். ஊரையும் உறவையும் பிரிந்து, நெருப்பின் அருகே நின்று உழைத்த ஓர் இளைஞனுக்கு, இறைப்புகழும் நபிபுகழும் பாடிய அந்தக் குரல்கள் துணையாக இருந்தன. வழிதவறிப் போகக் காரணங்கள் பல இருந்த வயதில், மாலை நேரத்தில் அறைக்குத் திரும்ப அவை ஒரு காரணமாக இருந்தன. இவ்வளவு மட்டுமே என் சாட்சியம்.

ஆலையின் ஓசை

இனி மறுபக்கத்தைக் கேளுங்கள். ரோலிங் மில்லுக்குள் நீங்கள் நுழைந்திருக்கிறீர்களா? சிவந்த இரும்புக்கட்டி உருளைகளுக்கிடையே புகும்போது எழும் உறுமல் ஒன்று. கம்பிகள் தரையில் விழுந்து மோதும் ஓசை மற்றொன்று. கம்பியை வெட்டும் கத்தரி எந்திரம் இறங்கும்போது எழும் அறை இன்னொன்று. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிக் கத்த வேண்டியிருந்தாலே அவ்விடத்து ஓசை 85 டெசிபல் அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம் என்பதைப் பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலே உச்ச அளவு என்றும், 100 டெசிபலானால் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நிற்கலாகாது என்றும் நம் தொழிற்சாலை விதிகள் வகுத்திருந்தன. ஓசையால் வரும் செவிக்குறையை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலேயே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சேர்த்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

பழியை ஆலையின் மீது மட்டும் போடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகள் கழித்து எங்களுக்குக் காதடைப்பான்கள் கொடுத்தார்கள். நான் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அதிகாரி வரும்போது மட்டும் காதில் செருகுவேன். வேர்க்கிறது, அரிக்கிறது, எந்திரத்தின் குறையை ஓசையிலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணங்கள் சொன்னேன். உண்மையில், காதை மூடிக்கொள்வது கோழைத்தனம் என்னும் எண்ணம் எங்கள் எல்லோருக்குள்ளும் இருந்தது. வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம் காதுக்குள் சில்வண்டு கத்தும். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்பார் மூத்த தொழிலாளி. சரியாகவும் செய்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது.

ஏறத்தாழ 2010க்குப் பிறகு, வீட்டில் சிறு சிறு சச்சரவுகள் தொடங்கின. "அத்தா, சத்தத்தைக் குறைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஏசுறாங்க" என்பாள் என் மகள். "நீ முணுமுணுக்காமல் வாயைத் திறந்து பேசு" என்பேன் நான். கேசட்டுகள் பழுதாகிவிட்டன என்று முடிவு செய்தேன். கணினிக்கு மாற்றியும் பாட்டு மங்கலாகவே இருந்தது. மாற்றிக் கொடுத்தவரைக் குறை சொன்னேன். நாகூர் தர்காவின் பரம்பரைப் பாடகர்களான அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா ஆகிய மூவரும் பாடிய 'நாகூர் செஷன்ஸ்' என்னும் தொகுப்பைச் சென்னையிலுள்ள எர்த்சிங்க் நிறுவனம் வெளியிட்டிருந்தது. அதை ஆவலோடு வாங்கிக் கேட்டு, "குரல் நன்றாக இருக்கிறது, தாளத்தைச் சரியாகப் பதிவு செய்யவில்லை" என்று குறை சொன்னேன். என் மகள் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டும்.

நாகூரில் ஓர் இரவு

உண்மை வெளிப்பட்டது 2019ஆம் ஆண்டுக் கந்தூரியில்.

நாகூர் சென்றவர்கள் அறிவீர்கள். ஐந்து மனோராக்களிலும் கொடி ஏறியிருக்கும். அவற்றுள் உயர்ந்தது, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய 131 அடி மனோரா. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு, விளக்கொளியில் ஊர்ந்து, விடியலுக்கு முன் தர்காவை வந்தடையும். அதைப் பார்க்கவும், ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் ரவ்ளாவில் சந்தனம் பூசும் வேளையில் அருகே இருக்கவும் எல்லாச் சமயத்தாரும் கூடுவார்கள். எனக்கோ அதற்கு முந்தைய இரவுகளே முக்கியம். தேசத்தின் பல திசைகளிலிருந்தும் வரும் பக்கீர்கள் தாஹிராவைத் தட்டிப் பாடும் இரவுகள் அவை.

அந்த இரவு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு முதிய பக்கீரின் அருகே போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், அவன் உம்மாவின் மடியில். பக்கீரின் விரல்கள் தாஹிராவின் தோலைத் தட்டின. அடி ஓசை என் நெஞ்சில் வந்து விழுந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு அவர் தாஹிராவை உயர்த்தி மெல்ல அசைத்தார். அந்தச் சிறுவன் கைகொட்டிச் சிரித்தான். உம்மாவிடம் ஏதோ சொல்லி, தாஹிராவின் விளிம்பைச் சுட்டிக் காட்டினான். அங்கே வளையத்தில் கோத்த சிறிய பித்தளைச் சலங்கைகள் விளக்கொளியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ யாரையோ அழைப்பது கேட்டது. கண்ணெதிரே, இரண்டு முழத் தொலைவில், நடுங்கும் சலங்கையின் ஒலி மட்டும் இல்லை. அவர் மீண்டும் அசைத்தார், மீண்டும் இல்லை. இளமையில் என்னைக் கந்தூரிக்கு இழுத்ததே அந்த ஒலிதான். அது எப்போது என்னைவிட்டுப் போயிற்று என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்து குளக்கரைப் படியில் அமர்ந்தேன். பதிவு செய்தவர் மீதும், கேசட்டின் மீதும், மகளின் பேச்சின் மீதும் நான் சுமத்திய குற்றங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மருத்துவர் சொன்னது

ஊர் திரும்பியதும் மகள் என்னைச் சென்னையில் ஒரு செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். ஆடியோகிராம் என்னும் சோதனை செய்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அமர வைத்து, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சோதனை முடிந்து தாளில் வரைந்த கோடு, சமவெளியில் போய்க்கொண்டிருந்த பாதை திடீரெனக் கிணற்றில் விழுந்ததுபோல் 4,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் சரிந்திருந்தது. "எந்த ஆலையில் வேலை?" என்று மருத்துவர் கேட்டார். நான் ஆலைத் தொழிலாளி என்று அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டவாறு சொல்கிறேன். உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 15,000 உண்டு. ஓசை அவற்றை அசைக்கிறது. அந்த அசைவே மூளைக்குச் செய்தியாகிறது. பேரோசையில் நாளெல்லாம் நிற்பவருக்கு அவை முதலில் களைக்கின்றன, ஓய்வில் தேறுகின்றன. பல்லாண்டு தொடர்ந்தால் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பறிபோவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். சலங்கை, சில்லென்ற தாளம், ச, ஸ போன்ற எழுத்துகள் எல்லாம் அந்தப் பக்கத்தவை. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தங்கும். அதனால்தான் பிறர் பேசுவது நமக்குக் கேட்கும், விளங்காது. கேட்கிறதே என்பதால் குறையை ஒப்புக்கொள்ளவும் மாட்டோம்.

ஹனிபா அவர்களின் குரல் மட்டும் எனக்கு ஏன் கடைசிவரை கேட்டது என்பதும் அப்போது புரிந்தது. நெஞ்சின் ஆழத்திலிருந்து எழும் கனத்த குரல் அது. சரிந்த கோட்டின் இப்பக்கத்தில் நிற்கிறது. சொற்களின் கூர்மையை என் நினைவே நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு புதிய பாட்டை அவர் இன்று பாடியிருந்தால், அதில் பாதிச் சொற்கள் எனக்குப் பிடிபட்டிருக்கமாட்டா.

செவி, பார்வை, உள்ளம் ஆகியவை பற்றி மறுமையில் வினவப்படும் என்னும் திருமறையின் எச்சரிக்கையை (17:36) சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். தீயதைக் கேளாதே என்பதே அதன் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு கேள்வியும் அதனுள் எனக்காக இருப்பதாக உணர்ந்தேன். "தந்த செவியை என்ன செய்தாய்?" என்று கேட்கப்பட்டால் நான் என்ன விடை சொல்வேன்? காதடைப்பானைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன் என்றா?

அதன்பின் ஓய்வு பெறும்வரை, ஐந்து ஆண்டுகள், ஒரு நாளும் காதடைப்பான் இல்லாமல் நான் நிற்கவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் அல்லவா? எங்கள் பகுதிக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் பிள்ளைகள் பலர். எந்திர ஓசையை மறக்க இயர்போனைச் செருகிக்கொண்டு, அதையும் மீறிக் கேட்கும்படி பாட்டை முழு ஒலியில் வைத்துக்கொள்கிறார்கள். ஓசையின் மேல் ஓசை! எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவர்களிடம் என் கதையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். இருவர் இயர்போனைக் கழற்றிக் காதடைப்பானை வாங்கிக்கொண்டார்கள். அந்த இருவருக்காக அல்லாஹ்வைப் புகழ்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே, உங்கள் கணவரோ மகனோ ஆலையில், தறிக்கூடத்தில், மரம் அறுக்கும் இடத்தில் வேலை செய்கிறாரா? தொலைக்காட்சியின் ஒலியை அவர் கூட்டிக்கொண்டே போகிறாரா? "முணுமுணுக்காதே" என்று உங்களைக் கடிந்துகொள்கிறாரா? அதைக் கோபம் என்று எண்ணி மனம் வருந்தாதீர்கள். செவியைச் சோதித்துப் பாருங்கள்.

இரவெல்லாம் இயர்போனோடு உறங்கும் பிள்ளைகள் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்குள் கேட்டால் தீங்கில்லை என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபலே எல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கைப்பேசியின் ஒலி அளவை 60 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தாதிருப்பது எளிய வழி. "பாட்டுக் கேட்காதே" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கமாட்டான். "அறுபது வயதிலும் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் இப்போது ஒலியைக் குறை" என்று சொல்லிப் பாருங்கள். என் மகளிடம் நான் அப்படித்தான் சொன்னேன். 'ஜோதா அக்பர்' படத்தில் அஜ்மீர் காஜா நாயகத்தின் மீது ரஹ்மான் தாமே பாடியிருக்கும் பாடலின் பைத்தியம் அவள். குறைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்ற பின், அவள் வற்புறுத்தலால் சென்ற ஆண்டு காதொலிக் கருவி பொருத்திக்கொண்டேன். வெட்கத்தால் பல மாதங்கள் தள்ளிப் போட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. தகுதியுடையவர்களுக்கு அரசே இலவசமாக வழங்குகிறது. கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டியதில்லை. அது புதுச் செவி அன்று. எல்லா ஒலியும் சற்றுக் கரகரப்பாகவே வருகிறது; கூட்டத்தில் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. ஆயினும், முதல் நாள் காலை, தேநீர்க் கோப்பையில் கரண்டி தட்டும் ஓசை கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். துணைவியார், "என்ன?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு விளங்கியது.

வரும் கந்தூரிக்கு, இன்ஷா அல்லாஹ், கருவியோடு போகிறேன். தர்காவின் பாடகர்கள் பாடும் இரவைக் குறித்துவைத்திருக்கிறேன். இன்னிசைக் கச்சேரி மேடைக்கு முன், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குத் தொலைவாக உட்காருவேன். பேரப்பிள்ளையையும் அப்படியே உட்கார வைப்பேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பின், தாஹிரா வைத்திருக்கும் பக்கீர் ஒருவரின் அருகே போய், ஒருமுறை அதை அசைத்துக் காட்டும்படி கேட்கப் போகிறேன்.

அந்த ஒலி எனக்குக் கேட்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். கேட்க வேண்டுமென்று துஆச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளின் செவிகளுக்காக நானும் துஆச் செய்கிறேன். வஸ்ஸலாம்.